ஒருவருக்குக் கை இல்லை

கொட்டிவாக்கத்துக்காரர் அன்று காலை பேச்சை முடிக்கும்போது வழக்கமான வாழ்த்தை அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு வரி அனுப்பினார். "நம்மில் ஒருவருக்குக் கை இல்லை." அதற்குப் பிறகு ஹெட்போனில் வெறும் இரைச்சல்தான் இருந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நான்கு பேரும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். உரிமம் வாங்கி, வீட்டில் செட் வைத்து, மொட்டை மாடியில் கம்பி இழுத்துக் கட்டிப் பேசுகிறவர்கள். தினமும் காலை ஆறரை மணிக்கு நாற்பது மீட்டர் அலைவரிசையில் ஓர் இடத்தில் கூடுவோம். குரலில் பேச மாட்டோம், மோர்ஸில்தான். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் எப்படி இருக்குமோ அதைப் புள்ளியும் கோடுமாகத் தட்டுவோம். மழை உண்டா, தண்ணீர் லாரி வந்ததா, முட்டி வலி எப்படி, காபி ஆயிற்றா. அவ்வளவுதான் பேச்சு. சட்டப்படி அவரவர் அழைப்புக் குறியைச் சொல்லியாக வேண்டும், சொல்வோம். அதன் பிறகு ஊர்தான் பெயர். நான் மயிலாப்பூர். மற்றவர்கள் கொட்டிவாக்கம், கோட்டூர்புரம், தரமணி.

மோர்ஸ் தட்டுவதில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜாடை உண்டு. ஒருவர் கோட்டைச் சற்று இழுப்பார். ஒருவர் இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் மூச்சு வாங்குவது போல நிறுத்துவார். குறியைச் சொல்லும் முன்பே இன்னார் என்று தெரிந்துவிடும். அதைத்தான் நாங்கள் 'கை' என்போம். கை இல்லை என்றால் அந்த ஆள் தட்டுவதே இல்லை என்று பொருள். கணினியில் டைப் அடிக்கிறார், அது மோர்ஸாக்கி அனுப்புகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற மோர்ஸையும் அதுவே எழுத்தாக்கித் திரையில் காட்டிவிடும். மோர்ஸில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவர் இப்படி உலகம் பூராவும் பேசலாம். பேசுகிறார்கள். போட்டி நடக்கிற சனி, ஞாயிறுகளில் கேட்டால் அலைவரிசையில் இடமே இருக்காது, அத்தனையும் மோர்ஸ். இது செத்துப்போன சமாசாரம் என்று யாரும் சொல்ல முடியாது. அதில் பாதிக்கு மேல் யந்திரத்தோடு யந்திரம் பேசிக்கொள்வது என்பது மட்டும் என் சந்தேகம்.

மோர்ஸைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இப்போது பெரிய கட்டாயமும் இல்லை. உரிமப் பரீட்சையில் ஒரு தரத்துக்கு அது தேவையே இல்லை. கப்பல்களும் தந்தி ஆபீஸ்களும் எப்போதோ விட்டுவிட்டன. பின்னே எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் ஒரு காரணம் சொல்வேன். எங்கள் அடுக்குமாடியில் எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், லிஃப்ட் மோட்டார் எல்லாம் சேர்ந்து போடுகிற இரைச்சலில் குரல் மூழ்கிப்போகும். மோர்ஸின் மெல்லிய ஒற்றைச் சுருதி அதைத் துளைத்துக்கொண்டு வரும், அதுவும் இரவு விளக்கு எரிகிற அளவு மின்சாரத்தில். இது உண்மைதான். ஆனால் சரியான காரணம் கைதான். இந்தக் காலத்தில் போனில் பேசுவது ஆளா, பதிவு செய்த குரலா என்று எனக்குத் தெரிவதில்லை. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்கிறவன் வங்கியில் இல்லை. காலை ஆறரைக்கு மட்டும் எதிரே இருப்பது இன்னார்தான் என்று நான் சத்தியம் செய்வேன்.

அதனால் கூட்டம் தொடங்கியபோதே ஒரு விதி வைத்தோம். கையால் தட்டி, காதால் கேட்கிறவர்கள் மட்டும். யந்திரத்தில் பேச ஆரம்பிக்கிறவர் தாமாக விலகிக்கொள்ள வேண்டும். இந்த விதியைச் சொன்னவன் நான். எனக்கு இரண்டு வருஷமாக வலது மணிக்கட்டில் வலி. அதனால் மேலும் கீழுமாக அழுத்துகிற பழைய பித்தளைக் கீயைப் பரணில் ஏற்றிவிட்டு, பேடில் என்ற ஒன்றை வாங்கினேன். இரண்டு சின்னத் தகடுகள். ஒன்றைத் தொட்டால் புள்ளி, மற்றதைத் தொட்டால் கோடு. பக்கத்தில் இருக்கிற பெட்டி அளவு பிசகாமல் போட்டுக் கொடுக்கும். இருந்தாலும் எழுத்துக்கு எழுத்து நாம்தான் தொட வேண்டும் என்பதால் அது விதிக்கு உட்பட்டது. இதை நானே யோசித்து முடிவு செய்தேன்.

ஒருவர் விலகினால் மூன்று பேர். மூன்று பேர் கூட்டம் நிற்காது. ஒருவர் ஊருக்குப் போவார், ஒருவருக்கு ஜுரம் வரும், மிச்சம் இருப்பவர் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் முன்பு இருந்த இரண்டு கூட்டங்கள் இப்படித்தான் கரைந்தன. ஓய்வு பெற்ற பிறகு என்னைக் காணோமே என்று யாரும் தேடுவதில்லை. காலையில் மட்டும் 'மயிலாப்பூர் வந்தாச்சா' என்று மூன்று பேர் கேட்கிறார்கள். அது நின்றுபோனால் பிறகு நாள் முழுக்க எனக்குச் செய்தித்தாளும் மாத்திரையும்தான். ஆகவே கை இல்லாதவர் யார் என்று மற்றவர்களுக்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிட வேண்டும், தனியாகப் பேசிச் சரிசெய்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"ஏன்னா, காபி ஆடை கட்டிடுத்து. யாராவது போய்ட்டாளா?" என்று என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"யாரோ ஏமாத்திண்டிருக்கா."

"எதுல?"

"மோர்ஸ்ல."

"அதுல ஏமாத்தி என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது. அதான் சந்தேகமா இருக்கு."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் கணக்குத் தணிக்கைத் துறையில் இருந்தவன். தப்பு எங்கேயோ இருக்கிறது என்ற நம்பிக்கையோடுதான் தினமும் ஆபீசுக்குப் போவேன். இதற்கும் ஒரு முறை வைத்துக்கொண்டேன். மோர்ஸில் தப்பாகத் தட்டிவிட்டால் வரிசையாக எட்டுப் புள்ளி தட்ட வேண்டும். 'முன்னே சொன்னதை அழித்துவிடு, மறுபடி சொல்கிறேன்' என்று அர்த்தம். இன்று பலர் இரண்டு, மூன்று புள்ளியோடு நழுவிவிடுகிறார்கள். எங்கள் கூட்டத்தில் முழுசாக எட்டு. அதுவும் நான் வைத்த விதிதான். கணினியில் டைப் அடிக்கிறவர் தப்பைத் திரையிலேயே திருத்திவிட்டு அனுப்புவார், அவரிடமிருந்து எட்டுப் புள்ளி வராது. வந்தாலும் அச்சுப் போட்ட மாதிரி எட்டாக வரும். கையால் கிடுகிடுவென்று தட்டுகிறவருக்கு எட்டில் நிறுத்துவது கஷ்டம். ஏழில் நின்றுவிடும், இல்லையென்றால் ஒன்பதுக்கு ஓடிவிடும். ஆகவே எண்ணினால் ஆள் அகப்படுவார்.

முதல் சந்தேகம் தரமணி மேல். எங்களில் அவள் ஒருத்திதான் பெண், அவள் ஒருத்திக்குத்தான் தலை நரைக்கவில்லை. கணினிக் கம்பெனியில் வேலை. முன்பு பறக்கும் ரயிலில் வேலைக்குப் போய்வந்தபோது காதில் மாட்டிக்கொண்டு, போனில் இருக்கிற ஒரு செயலியை வைத்துத் தானாகவே மோர்ஸ் கற்றவள். போனில் கற்றவளுக்குக் கணினியில் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆபீஸ் பஸ் வருவதற்குள் பேச வேண்டும் என்று பால்கனியில் நின்றபடியே தட்டுவாள். நான் பேனா இல்லாமல் மனத்துக்குள்ளேயே எண்ணினேன். அவளிடமிருந்து தப்புக்குப் பஞ்சம் இல்லை. 'இட்லி' என்பதில் தப்பு, 'ஈரம்' என்பதில் தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் பத்துப் புள்ளி, பதினோரு புள்ளி. ஒரு நாள் பதின்மூன்று. இந்தப் பெண்ணுக்குக் கை இருக்கிறது, எண்ணத்தான் தெரியவில்லை என்று தள்ளிவைத்தேன்.

அடுத்து கொட்டிவாக்கத்துக்காரர். குற்றம் சாட்டியவரே அவர்தானே என்று நீங்கள் நினைக்கலாம். திருடன் திருடன் என்று முதலில் கத்துகிறவனைத்தான் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் அனுபவம். அவர் மீனவக் குடும்பத்துக்காரர், கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கை தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கும். தப்பு அபூர்வம். செய்தால் ஏழு புள்ளி. எட்டாவதைத் தட்ட அவருக்குப் பொறுமை இருக்காது. அந்த வாரமும் ஏழுதான். அவரையும் விட்டேன்.

கோட்டூர்புரத்துக்காரர் அந்த வாரம் மூன்று தடவை தப்பு செய்தார். எட்டு. எட்டு. எட்டு.

மறுநாள் மத்தியானமே ஓர் ஆட்டோ பிடித்துக் கோட்டூர்புரம் போனேன். அவரிடம் இரவல் வாங்கியிருந்த சால்டரிங் அயனைத் திருப்பிக் கொடுப்பது சாக்கு. ஆற்றை ஒட்டின வீட்டுவசதிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர், தனியாக இருக்கிறார். கதவைத் திறந்தவர் கையில் பனியனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க சார். ஒரு போன் பண்ணியிருந்தா சட்டை போட்டிருப்பேனே."

"பரவாயில்லை. உங்க செட்டைப் பாத்துட்டுப் போலாம்னு."

"போன மாசம்தானே பாத்தீங்க?"

உள்ளே போனேன். செட்டுக்குப் பக்கத்தில் துணி போர்த்தின ஒரு பெட்டி இருந்தது. போன மாதம் அது இல்லை. லேப்டாப் அளவுதான். அவர் தண்ணீர் கொண்டுவர நகர்ந்ததும் துணியைத் தூக்கினேன். உள்ளே ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி.

"பாக்கணுமா சார்? உட்காருங்க, கையை நீட்டுங்க" என்றார் அவர், பின்னால் சொம்போடு நின்றபடி. பார்த்ததில் எனக்கு அதிகமாக இருந்தது.

"ஒரு சந்தேகம்" என்றேன். "நீங்க எட்டுப் புள்ளி எப்படித் தட்டறீங்க? கொஞ்சம் காட்டுங்களேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கீயின் குமிழைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தட்டும்போது உதடு அசைந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று மாணவர்களுக்குப் பெண்டுலம் ஆடுவதைச் சொல்வது போல எண்ணிக்கொண்டே தட்டி, எட்டில் நிறுத்தினார்.

"லேப் எடுத்தவன் சார் நான். எட்டுன்னா எட்டு."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது. அந்த நேரத்தில் மேசை மேல் இருந்த அவருடைய போன் வெளிச்சம் போட்டது. பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, கண் போய்விட்டது. எங்கள் நான்கு பேருக்கும் வாட்ஸப்பில் 'ஆறரை' என்று ஒரு குழு இருக்கிறது. போனில் தெரிந்தது 'ஆறரை 2'. தரமணியிடமிருந்து ஒரு செய்தி: 'மயிலாப்பூர் சார்கிட்ட யாரு சொல்றது?' அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"தண்ணி குடிங்க சார்."

குடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவார், பிறகு அதையும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

திரும்பும்போது ஆட்டோக்காரர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார், காதில் ஏறவில்லை. மூன்று பேர் தனியாகக் குழு வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நாளாக? என்னிடம் என்ன சொல்ல வேண்டும்? கூட்டத்தை வேறு நேரத்துக்கு மாற்றிவிட்டார்களா? நான் ஆறரைக்கு வந்து போன பிறகு ஏழரைக்கு அவர்கள் மூவரும் வேறு இடத்தில் கூடிப் பேசுகிறார்களா? என் காது மந்தமாகிவிட்டது என்று நினைக்கிறார்களா? சிக்னலில் நிற்கும்போது, பத்திரிகையில் வருகிற மாதிரி என்னையே ஏன் எல்லோரும் ஒதுக்க வேண்டும் என்று பட்டியல் போட ஆரம்பித்து, ஆறாவது காரணத்தில் வீடு வந்துவிட்டது.

என் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு மோர்ஸில் அக்கறை கிடையாது, ஆனால் சண்டை என்றால் முழுசாகக் கேட்பாள்.

"அந்தப் பொண்ணு தப்பு பண்றா."

"ஆமாம். நிறைய."

"கப்பல்காரர்?"

"அவரும் எப்பவாவது."

"ப்ரொஃபஸர்?"

"மூணு தடவை."

"நீங்க?"

"நான் தப்பே பண்றதில்லை."

அவள் அவரைக்காயை நறுக்குவதை நிறுத்தவில்லை. "அப்போ யாரைத் தேடிண்டு கோட்டூர்புரம் போனேள்?"

அன்று சாயங்காலம் நான் என் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பேடிலோடு வந்த பெட்டியில் நான்கு பொத்தான்கள் உண்டு. ஒரு முறை தட்டிச் சேமித்துவிட்டால், பிறகு பொத்தானை அழுத்தினால் போதும், அதே வாக்கியம் போகும். முதல் பொத்தானில் அழைப்புக் குறியும் காலை வணக்கமும். இரண்டாவதில் 'இங்கே எல்லாம் சௌக்கியம்'. மூன்றாவதில் 'நீங்கள் பேசுவது நன்றாகக் கேட்கிறது'. நான்காவதில் விடைபெறுகிற வாழ்த்து. மணிக்கட்டு மோசமாக இருந்த ஒரு வாரத்தில் சேமித்தேன். வலி குறைந்த பிறகும் பொத்தான் வசதியாக இருந்தது. நடுவில் சொல்ல வேண்டிய இரண்டு வரியையும் தேதிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் முதல்நாளே எழுதி வைத்துக்கொள்வேன், தடுமாறக் கூடாது என்பதற்காக. அதைப் பார்த்துப் பேடிலில் நிதானமாகப் போடுவேன். ஆக, தப்புக்கு வழியே இல்லை. தப்பில்லாமல் இருப்பது ஒரு குற்றமா என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டேன். யந்திரத்தைக் கண்டுபிடிக்க நான் வகுத்த முறைப்படி அது குற்றம்தான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டிவாக்கத்துக்காரர் வீட்டில் கூடுவது வழக்கம். அவர் சர்ச்சுக்குப் போய்வந்த பிறகு, பத்து மணிக்கு. இந்தத் தடவை அவர்களை முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்று நான் ஒன்பதரைக்கே போய்விட்டேன். மூன்று பேரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். முற்றத்தில் அவர் பிள்ளைகளின் வலை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே மீன் வறுக்கிற வாசனை. எனக்காகத் தனியாக வேகவைத்த வேர்க்கடலை ஒரு தட்டில் இருந்தது, இன்னும் ஆவி பறந்தது. நான் சீக்கிரம் வருவேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"வாங்க சார். இன்னா இவ்ளோ சீக்கிரம்?" என்றார் கொட்டிவாக்கத்துக்காரர்.

"நீங்க எல்லாரும் எனக்கு முன்னாடி வந்தாச்சே. 'ஆறரை 2'ன்னு ஒரு குரூப் இருக்கே, அதுல எத்தனை பேர்?"

தரமணி கடலையை உரிக்க ஆரம்பித்தாள். கோட்டூர்புரத்துக்காரர்தான் சொன்னார். "மூணு."

"என்ன பேசறீங்க அதுல?"

"நான்தான் சார் ஆரம்பிச்சது" என்றார் கொட்டிவாக்கத்துக்காரர். "இவங்க ரெண்டு பேரையும் ஒண்ணும் சொல்லாதீங்க. உங்க மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு பேஜாரா கீது. அதான் அந்த ஒரு வரிய காத்துல போட்டேன். நீங்களே புரிஞ்சிக்குவீங்கன்னு பாத்தேன். நீங்க இன்னாடான்னா எங்கள எண்ணிக்கினு கீறீங்க."

"நான் எண்ணினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சார்" என்றாள் தரமணி, "நான் தப்பு பண்ணினா உங்க டர்ன் வரும்போது முதல்ல 'பத்து'ன்னு அனுப்புறீங்க. அன்னிக்கு 'பதிமூணு'ன்னு அனுப்புனீங்க. நான் ஆபீஸ் பஸ்ல உக்காந்து சிரிச்சிட்டே போனேன்."

நான் அப்படி அனுப்பினது எனக்கு நினைவே இல்லை. ஆனால் செய்யக்கூடியவன்தான்.

"பேடில் விதிக்கு உட்பட்டதுதான்" என்றேன். "விரல் என்னோடதுதான்."

"பேடிலு ஒண்ணும் தப்பில்ல. நானும்தான் வச்சிக்கீறேன்" என்றார் கொட்டிவாக்கத்துக்காரர். "புள்ளியும் கோடும் பொட்டி போடும். நடுவுல உடுற எடவெளி நம்ம கை. அதுல ஆளு தெரியும். உங்க வணக்கத்துல அது இல்ல. நேத்து வந்ததும் இன்னிக்கு வந்ததும் ஒரே அச்சு, ஜெராக்ஸ். காலங்காத்தால ஒரு ஆளு கதவத் தட்றாரு, நான் தொறக்குறேன். வெளியே அவரு போஸ்டர் நிக்குது. எப்பிடி இருக்கும் சொல்லுங்க."

"உங்களுக்கு உடம்பு சரியில்லையோன்னுகூட நெனச்சோம்" என்றார் கோட்டூர்புரத்துக்காரர். "வீட்ல வேற யாராவது பொத்தானை அழுத்தறாங்களோன்னு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து நிக்கறீங்க, நல்லாத்தான் இருக்கீங்க. பிரஷர் மட்டும் அதிகம்."

"மணிக்கட்டு வலி."

"அத ஒரு நாளாவது சொன்னீங்களா சார்?" என்றார் கொட்டிவாக்கத்துக்காரர். "'இங்கே எல்லாம் சௌக்கியம்'னு தினம் வருது."

இரண்டாவது பொத்தானில் அப்படித்தான் இருக்கிறது.

"விதிப்படி நான் விலகணும்" என்றேன். சொல்லிவிட்டு யாராவது மறுப்பார்கள் என்று காத்திருந்தேன். உள்ளே மிக்ஸி ஓடி நின்றது. கோட்டூர்புரத்துக்காரர் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நாற்பது வருஷம் மாணவர்களுக்கு மதிப்பெண் போட்டவர், சலுகை அவருக்கு வராது.

"நாங்க யாரும் சொல்லலை சார். விதி அப்படித்தான் சொல்லுது."

"விதிய மாத்திரலாமே" என்றாள் தரமணி. "வணக்கத்துக்கு மட்டும் பட்டன் ஓகேன்னு."

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் எனக்காக ஒரு விதியைத் தளர்த்துவதா? நான் எத்தனை ஆபீஸ்களில் இப்படித் தளர்த்தின விதிகளைச் சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறேன். அதோடு, என்மேல் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொள்கிறார்களா என்ற சந்தேகத்தோடு தினமும் ஆறரைக்கு உட்கார என்னால் முடியாது.

"மாத்த வேண்டாம்" என்றேன்.

"பழைய கீ ஊட்ல கீதா?" என்றார் கொட்டிவாக்கத்துக்காரர்.

"பரண்ல இருக்கு."

"அப்புறம் இன்னா?"

"வலிக்கும். அசிங்கமா வரும்."

"வரட்டும் சார். நாங்க இன்னா பரிசுக் கப்பா குடுக்கப் போறோம்? கடலை ஆறுது, சாப்புடுங்க."

வீட்டுக்கு வந்து ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து கீயை இறக்கினேன். பித்தளை கறுத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தது என் மனைவி. "இதுக்குப் போய் ரெண்டு ஊர் சுத்தணுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் தேய்த்தாள்.

மறுநாள் காலை மணிக்கட்டில் க்ரேப் பேண்டேஜ் சுற்றிவிட்டாள். காலண்டர் தாளில் வழக்கம் போல இரண்டு வரி எழுதி வைத்திருந்தேன். அதையும் எடுத்துவிடச் சொன்னேன். அவள் அதில் பால் கணக்குப் போட்டுக்கொள்ள எடுத்துப்போனாள்.

ஆறரைக்குக் கொட்டிவாக்கம் வந்தார், கோட்டூர்புரம் வந்தார், தரமணி வந்தாள். 'மயிலாப்பூர் வந்தாச்சா' என்றார்கள். என் குறியைத் தட்ட ஆரம்பித்தேன். கீ நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கோடுகள் ஒன்றுக்கு ஒன்று நீளம் மாறின. என் காதுக்கே அது யாரோ நொண்டிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற மாதிரி கேட்டது. வணக்கத்தின் நடுவிலேயே ஓர் எழுத்து சறுக்கிவிட்டது. எட்டுப் புள்ளி தட்ட வேண்டும். தட்டினேன். தட்டும்போது மணிக்கட்டில் சுரீரென்று இழுத்தது, கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. அடுத்தவர்கள் புள்ளியை எல்லாம் எண்ணினவனுக்குத் தன் புள்ளி எத்தனை என்று தெரியவில்லை. பிறகு, இங்கே எல்லாம் சௌக்கியம் இல்லை, மணிக்கட்டு வலி, ஆகையால் மெதுவாகத்தான் வரும் என்று தட்டினேன். இதைச் சொல்லி முடிக்க இன்னும் மூன்று தப்பு. நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

இரைச்சல் மட்டும் இருந்தது. எங்கள் மாடியில் லிஃப்ட் மேலே போனது, அந்தச் சத்தம் ஒரு கோடு மாதிரி குறுக்கே ஓடிற்று. மூன்று பேரும் போனை எடுத்து அந்த இன்னொரு குழுவில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஹெட்போனைக் கழற்றக் கை போனது.

அப்போது கொட்டிவாக்கத்துக்காரர் வந்தார். அவருடைய வேகத்தைப் பாதியாகக் குறைத்து, என் கைக்கு ஏற்ற மாதிரி நிதானமாகத் தட்டினார். 'மயிலாப்பூர் வந்தாச்சு. எந்த டாக்டர்?' அவ்வளவுதான். கோட்டூர்புரத்துக்காரர் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார், எத்தனை நிமிஷம் என்றும் சொன்னார். நடுவில் ஒரு தப்பு செய்து எட்டுப் புள்ளி போட்டார். எண்ணினேன், எட்டுதான்.

கடைசியாகத் தரமணி வந்தாள். பஸ் வந்துவிட்டது போலிருக்கிறது, அவசரம் தெரிந்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஓர் எண்ணை மட்டும் தட்டினாள்.

பதினொன்று.

கொட்டிவாக்கத்துக்காரர் உடனே அதையே தட்டினார். கோட்டூர்புரத்துக்காரரும் தட்டினார், பதினொன்று.

"என்ன சொல்றா?" என்றாள் என் மனைவி, காபியை வைத்துக்கொண்டே.

"எட்டுப் புள்ளிக்கு நான் பதினொண்ணு தட்டினேனாம்."

"தட்டினேளா?"

"இல்லை. பத்துதான் இருக்கும்."

இப்போதும் தினமும் அந்தக் கீயில்தான் போகிறேன். மணிக்கட்டு சுமாராக இருக்கிறது, சுமார் என்றே சொல்கிறேன். ஆனால் அன்று நான் தட்டினது பத்துதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூன்று பேருக்கும் தனித்தனியாக எண்ணி ஒரே விடை எப்படி வரும்? பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இன்னொரு குழு இன்னும் இருக்கிறது.